கவிழ்த்துக் காட்டிய பாட்டில்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் எழுதுகிறேன்.

முகாம் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "புதுசா வந்தவகளுக்கு உங்க அனுபவத்தச் சொல்லுங்க சார், கேட்டா உற்சாகமா இருப்பாக" என்றார். உற்சாகப்படுத்தும் சரக்கு என்னிடம் இல்லை என்றேன். அவர் விடவில்லை. பேச மாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பேசினால் சில இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

கத்தி பிடிப்பது, நெருப்பு மூட்டுவது, தார்ப்பாயில் கூடாரம் கட்டுவது, வழி தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டில் பிழைக்கக் கற்றுக்கொடுக்கும் இந்த வேலையில் பதினெட்டு வருடம் இருந்தேன். அதற்கு முன்னால் பட்டாளம். தேள் கொட்டிய பையன், மலைத்தேனீ துரத்திய கூட்டம், ஓடை பெருகி மறுகரையில் மாட்டிக்கொண்ட ஒரு வகுப்பு என்று கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எல்லாம் நான் நன்றாகத்தான் நடந்துகொண்டேன். ஆகவே அவற்றால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. நான் கெட்டுப்போன ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பட்டாளத்தில் எனக்கு மேலே ஒரு ஹவில்தார் இருந்தார். பெயர் வேண்டாம். ராஜஸ்தான் மணலில் எங்களை நடக்கவிட்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிறுத்துவார். எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்துவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சொட்டு விழுந்தால் திட்டு விழும். பாட்டிலில் இருக்கிற தண்ணீர் பாட்டிலைத்தான் காப்பாற்றும், உன்னை அல்ல என்பார். அவர் கையில் ஒருவனும் வெயிலில் விழுந்ததில்லை. அவரைப்போல ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். இங்கே வேலைக்கு வந்த முதல் முகாமிலிருந்து அதே பழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒரு நாளில் நான்கு தடவை விசில் அடிப்பேன். பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். பார்க்கவே அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அதைப் போட்டோ எடுத்துப்போவார்கள்.

அந்த மே மாதம் வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்தவர்கள். பெண்பிள்ளைகள் பத்துப் பேர். மூன்று நாள் முகாம். கோடையில் காட்டுக்குள் போக அனுமதி கிடையாது. எனவே சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் தெரிந்த ஒருவருடைய இலவந்தோப்பில் தங்கினோம். தோப்புக்குப் பின்னால் ஒரு மொட்டைக் கரடு, மரம் அதிகமில்லாத சின்னப் பாறைக்குன்று. பாடமெல்லாம் அந்தக் கரட்டில்தான். என்னோடு சின்னச்சாமி என்று இன்னொரு பயிற்சியாளர், என் வயதுக்காரர். சமையலுக்குப் பேச்சியம்மா. சுருளிப்பட்டிக்காரர். ஆறு வருடமாக எங்கள் முகாம்களுக்குச் சமைத்துப்போட்டவர். இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர்.

முதல் நாள் மாலைச் சோதனையில் ஒரு பெண்ணின் பாட்டிலிலிருந்து பாதித் தண்ணீர் கொட்டியது. அவள் பெயரை மாற்றிச் சொல்கிறேன், தர்ஷினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் மகள். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறவள், திடமான உடம்பு. நான் என் வழக்கப்படி அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, பாட்டிலை மறுபடி நிரப்பி, எல்லார் முன்னாலும் குடிக்க வைத்தேன். பையன்கள் ஒவ்வொரு மடக்குக்கும் "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணினார்கள். நானும் சிரித்தேன். அவள் தலை குனிந்துகொண்டே குடித்து முடித்தாள். அவமானம் நல்ல ஆசான் என்று அந்தக் காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், பொம்பளப் புள்ளைக நேத்து வந்ததுல இருந்து தண்ணி குடிக்கப் பயப்படுதுக. என்னான்னு கேட்டா ஒண்ண ஒண்ணு பாத்துச் சிரிக்குதுக. ஒதுங்குறதுக்கு இங்கன மறைப்பு இல்ல சார். காவக்காரக வீட்டுக் கக்கூசுக்குத் தாப்பாளும் இல்ல. ஒரு தார்ப்பா குடுத்தீகன்னா அங்கன ரெண்டு மரத்துக்கு ஊடால கட்டி விட்ருவேன்."

"தார்ப்பா ரெண்டுதான் இருக்கு. கூடாரம் கட்டச் சொல்லிக் குடுக்க வேணும்" என்றேன்.

"ஒரு நேரத்துக்கு மட்டும் குடுங்க சார்."

"ஏம்மா, காட்டுல பொழைக்கக் கத்துக்கிட வந்த புள்ளைக. வீட்டு வசதியெல்லாம் கேட்டா ஆகுமா? ரெண்டு நாள்ல பழகிருங்க."

"காடுன்னா மறைப்பு இருக்கும் சார். இது தோப்பு. இந்தத் தூர்ல நின்னா அந்தக் கோடி வரைக்கும் தெரியுது. கரட்டுல அதுவும் இல்ல."

"நீங்க சோத்தப் பாருங்கம்மா" என்றேன்.

அவர் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அந்தப் பேச்சு அரை நிமிடத்தில் மறந்துபோனது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவர் சொன்னதை யோசித்துப் பார்த்துத் தள்ளவில்லை. யோசிக்கவே இல்லை. பெண்பிள்ளைகள் ஒதுங்குவது என்பது என் வேலையின் ஒரு பகுதி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எட்டு மணிக்குத் தோப்பில் முதல் சோதனை. தர்ஷினி பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. "ஒரே நாள்ல எப்பிடித் திருந்திருச்சு பாருங்கப்பா, எல்லாரும் இதப் பாத்துக் கத்துக்கங்க" என்று அவளைப் பாராட்டினேன். பிறகு ஜீப்பில் இருந்த கேனிலிருந்து எல்லாரும் நிரப்பிக்கொண்டு கரட்டில் ஏறினோம், பிள்ளைகள் முன்னால், நானும் சின்னச்சாமியும் கடைசியில்.

பாதி மேட்டில், ஓர் உசிலை மரத்தடியில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆன இடம். நான் அதைப் பார்த்தேன். நின்றும் பார்த்தேன். "எவனோ மரத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டுப் போயிருக்கான்" என்று சின்னச்சாமியிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நடந்தோம். தடம் பார்ப்பது எப்படி, ஈரத்தை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம் என்று முந்தின நாள்தான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தேன்.

உச்சியில் போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது சோதனை. இருபத்திரண்டு பாட்டில்களும் கவிழ்ந்தன, எல்லாம் காலி. தர்ஷினியுடையதும்தான். அதன் பிறகு அன்றைய பாடத்தைத் தொடங்கினேன். பாடம் என்ன தெரியுமா? தண்ணீரைக் கண்டுபிடிப்பது. அவர்களைக் கரட்டின் மேற்கு விளிம்பில் நிற்க வைத்துக் கீழே காட்டினேன். "அங்கன ஒரு கோடு மாதிரி பச்சை தெரியுதா? மாடு எறங்குற தடம் தெரியுதா? அங்கன தண்ணி இருக்கும்." அங்கே உண்மையிலேயே தண்ணீர் இருந்தது. மலைமாடு மேய்க்கிறவர்கள் கட்டிய கல்தொட்டி, ஊற்றிலிருந்து குழாய் போட்டது. வெயில் காலத்திலும் வற்றாது. நடந்தால் பதினைந்து நிமிடம்.

ஒன்றரை மணி நேரம் பாடம் நடந்தது. நிழல் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பதினொன்றரை மணி இருக்கும், பேச்சியம்மா புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கையில் மோர்த்தூக்கோடு மேலே வந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம். எல்லாரும் எழுந்தார்கள். தர்ஷினி எழவில்லை.

"எந்திரிம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து நாலடி வைத்தாள், கால்கள் பின்னின. பையன்கள் சிரித்தார்கள். "நடிக்காத, ஒழுங்கா நட" என்றேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவளுடைய சிநேகிதி ஹேமா என்னிடம் ஓடி வந்தாள். "சார், அவ என்னையப் பாத்து அவ தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்புடுறா சார். மோட்டாரப் போட்டியாங்குறா."

அதற்குள் அவள் விழுந்துவிட்டாள். போய் நெற்றியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. எனக்கு இது என்னவென்று தெரியும். வெயில் தாக்கி மூளைக்கு ஏறிவிட்டது. முதலில் உடம்பைக் குளிரவைக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இதையும் வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவன் நான்.

"தண்ணி கொண்டாங்க! எல்லாரும் பாட்டிலக் கொண்டாங்க!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஒருவன் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினான். என்னைக் கேலி செய்வதற்காக அல்ல, பயத்தில். இருபத்திரண்டு பாட்டில்களும் காலி. நான்தான் காலி செய்யச் சொன்னேன். அந்த நிமிடத்தில்தான் ராஜஸ்தான் ஞாபகம் வந்தது. அங்கே எங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு லாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பேச்சியம்மா மோர்த்தூக்கைத் திறந்து அவ்வளவையும் அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். சேலைத் தலைப்பால் விசிறினார். "ஒடம்பு கொதிக்குது சார். தொட்டிக்குத் தூக்குங்க. தண்ணிக்குள்ள போட்டாத்தேன் அடங்கும்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. ஜீப் கீழ நிக்கிது."

"ஜீப்புக்கு எறங்க முக்கா மணி நேரமாகும். தொட்டி இந்தா இருக்கு."

ஹேமா அழுதுகொண்டே மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். "சார், இப்பத்தான அங்கன தண்ணி இருக்குன்னு சொன்னீக?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் யோசித்தது எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் என்ன யோசித்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தொட்டிக்குப் போனால் ஜீப்புக்கு எதிர்ப்பக்கம் போகிறோம். அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மாட்டுத்தொட்டியில் போட்டுக் கொன்றுவிட்டான் என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஏதாவது ஆனால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவள் சாகக் கூடாது என்று நான் யோசிக்கவில்லை. என் கையில் சாகக் கூடாது என்று யோசித்தேன். கேட்பதற்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரியும். நடக்க ஆரம்பித்தால் ஒன்று மேற்கே போகிறது, மற்றது கிழக்கே போகிறது.

"கீழ எறங்குங்க" என்றேன்.

ஒரு தார்ப்பாயை விரித்து அவளைக் கிடத்தினோம். கூடாரப் பாடத்துக்கு என்று நான் கொடுக்க மறுத்து மேலே கொண்டுவந்தேனே, அதே தார்ப்பாய். நானும் சின்னச்சாமியும் நான்கு பையன்களும் தூக்கினோம். முக்கால் மணி நேரம் என்பது வெறும் கையை வீசிக்கொண்டு இறங்குகிற கணக்கு. பாரத்தோடு சறுக்கிச் சறுக்கி இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியில் அவளுக்கு வலிப்பு வந்தது. பையன்களில் ஒருவன் அழுதுகொண்டே தூக்கினான், தோளை மாற்றச் சொன்னாலும் மாற்றவில்லை. பேச்சியம்மா கூடவே ஓடி வந்து சேலையால் அவள் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 

ஜீப்பில் கம்பத்துக்குப் போகும்போது ஹேமா பின்சீட்டிலிருந்து சொன்னாள்.

"நேத்து நீங்க குடிக்க வச்சதுக்கு அப்புறம் அவ தண்ணியே குடிக்கல சார். நீங்க விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி மரத்தடியில ஊத்திருவா."

"எதுக்கு?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"குடிச்சா எங்கன சார் போறது?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அவளுக்குப் பீரியட்ஸ் சார், ரெண்டாம் நாளு" என்றாள்.

உசிலை மரத்தடி ஈரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் ஊசி போடவில்லை, படம் எடுக்கவில்லை. முதலில் அவள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஐஸ் கொண்டுவந்து கக்கத்தில் வைத்தார்கள். ஈரத்துணி போட்டு மின்விசிறியை நேராகத் திருப்பினார்கள். மலையில் நான் செய்திருக்க வேண்டியதை அங்கே நாலு பேர் அவசர அவசரமாகச் செய்வதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, "எவ்வளவு நேரமா ஒடம்பு இப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "பக்கத்துல தண்ணி எதுவும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

அன்றே தேனிக்கு அனுப்பினார்கள். பதினேழு நாள் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். சிறுமூளை அடிபட்டுவிட்டது என்றார்கள். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. காலப்போக்கில் கொஞ்சம் தேறலாம், முழுதாகத் தேறாது என்றார்கள். கபடி ஆடுகிற பெண்.

மறுவாரம் பள்ளிக்கூடம் அறிக்கை கேட்டது. அறிக்கை எழுதுவது பட்டாளத்தில் கற்ற வித்தை, நன்றாக வரும். ஒரு நாளில் நான்கு முறை தண்ணீர்ச் சோதனை நடத்துவது வழக்கம் என்று எழுதினேன். மாணவி தண்ணீரைக் குடிக்காமல் கீழே ஊற்றியதாக உடன் வந்த மாணவி தெரிவித்தார் என்று எழுதினேன். மயங்கிய உடனே மாணவி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்று எழுதினேன். பேச்சியம்மா சொன்னதை எழுதவில்லை. தொட்டியையும் எழுதவில்லை. ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டேன். யாரும் என்னை மேற்கொண்டு கேட்கவில்லை. "இத்தன கண்டிப்பா இருந்தும் இப்பிடி ஆயிருச்சே" என்று ஆறுதல்கூடச் சொன்னார்கள். பேச்சியம்மா அதற்குப் பிறகு முகாமுக்கு வரவில்லை. நானும் அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன். முழங்கால் வலி என்று சொன்னேன்.

ஒன்றரை வருடம் போனது. குச்சனூர்க் கோவிலில் ஒரு சனிக்கிழமை, கூட்டத்தில் பேச்சியம்மாவைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவர் விடவில்லை. நேராக வந்து நின்றார்.

"நல்லா இருக்கீகளா சார்?"

"இருக்கேன்மா."

"அன்னைக்கு நான் தார்ப்பா கேட்டத எழுதுனீகளா சார்?"

நான் கோவில் வாசலைப் பார்த்தேன்.

"எழுதலேல்ல" என்றார். "அந்தப் புள்ள வீட்டுக்கு நான் மாசம் ஒருக்கா போயி வாரேன். அவுக ஆத்தா அதப் போட்டு வையிதாக. குடிக்கக் குடுத்த தண்ணியக் கொட்டிட்டு வந்திருக்கியேடின்னு. அது தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கு. நான் எம்புட்டோ சொல்லிட்டேன் சார். சமையக்காரி சொன்னா யாரு நம்புறாக? பள்ளிக்கூடத்துல குடுத்த காயிதத்துல அப்பிடித்தான இருக்கு. நீங்க போயிச் சொன்னாத்தேன்."

மறுநாளே போனேன் என்று சொல்ல ஆசைதான். மூன்று வாரம் கழித்துப் போனேன்.

அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தலை ஒட்டின வீடு. அவளுடைய அப்பா மருந்து அடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் அம்மா காபி கொண்டுவந்தார். இரண்டு பேரும் என்னிடம் மரியாதையாக இருந்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீங்க என்ன சார் செய்வீக? நாலு தடவ சோதன போட்டிருக்கீக. இவ செஞ்ச வேலைக்கு யாரச் சொல்ல" என்றார் அப்பா.

தர்ஷினி உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நிலைப்படியில் நின்றாள். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஏதோ சொல்ல முயன்றாள். வாய் கோணியது, எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி முயன்றாள். எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சாரி சார்" என்றாள். "தண்ணியக் கொட்டிட்டேன்."

பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வரிசையில் நிற்கும்போது இருந்த அதே முகம். ஒன்றரை வருடமாக அவள் அந்த வரிசையிலிருந்து வெளியே வரவே இல்லை. நான் அழுதேன். அழுகையை நிறுத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். பேச்சியம்மா காலையில் வந்து கேட்டது, நான் சோற்றைப் பார் என்றது, முந்தின நாள் அவளை நிறுத்திப் பையன்களை எண்ணவிட்டுச் சிரித்தது, உசிலை மரத்தடி, காலிப் பாட்டில்கள், கல்தொட்டி, டாக்டரிடம் சொன்ன பொய், அறிக்கை. ஒன்றையும் விடவில்லை. பழியில் ஒரு பங்கை அவள் பக்கம் தள்ளவும் இல்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைத்தான் பார்த்தார்.

"கேட்டியா ஆத்தா?" என்றார். "காதுல விழுந்துச்சா? நீ ஒண்ணும் செய்யல. அவுக வாயாலயே சொல்றாக பாரு. நீ ஒண்ணும் செய்யல."

அவள் தலையை ஆட்டினாள். அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் இப்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பிறகுதான் அவர் என்னிடம் திரும்பினார். "ஒன்றர வருசம் சார்" என்றார். "பெத்த புள்ளைய ஒன்றர வருசம் வஞ்சுட்டோம்." வாசலைப் பார்த்துக்கொண்டு, "இனிமே இங்கன வராதீக" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். காபி அப்படியே இருந்தது.

அந்த ஹவில்தாரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நாங்கள் தண்ணீர் குடிக்கும்போது அவர் எங்கள் பாட்டிலைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒவ்வொருவன் முன்னாலும் வந்து நின்று முகத்தைப் பார்ப்பார். ஊரில் என்ன விஷயம், கடிதம் வந்ததா என்று கேட்பார். பதில் சொல்லுகிற விதத்தை வைத்து எவனுக்கு முடியவில்லை என்று கண்டுபிடிப்பார். பாட்டிலைக் கவிழ்ப்பது கடைசியில் ஒரு விளையாட்டுக்காக. அவரிடம் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், எளிதாக எடுத்துவரக்கூடியதை எடுத்துவந்திருக்கிறேன்.

உங்களுக்கு அறிவுரை என்று நீட்டி முழக்க மாட்டேன். முகாமில் இறங்கியதும், கூடாரம் போடுவதற்கு முன்பே, ஒதுங்க ஒரு மறைப்பைக் கட்டுங்கள். உங்களில் இரண்டு பேர் பெண்கள் என்று கேள்விப்பட்டேன். அது நல்லது. ஆனால் இது அவர்களுடைய வேலை என்று மற்ற மூன்று பேரும் இருந்துவிடாதீர்கள். சமைக்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டு உங்களிடம் வந்தால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அனுமந்தன்பட்டியிலிருந்து திரும்பி வந்ததும் புதிதாக ஓர் அறிக்கை எழுதினேன். ஒன்பது பக்கம். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, தர்ஷினி வீட்டுக்குத் தபாலில் ஒன்று, உங்கள் அலுவலகத்துக்கு ஒன்று. பொறுப்பாளரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். இரண்டு அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் பழையதைப் படியுங்கள், அந்த ஒரு பக்கத்தை. கையெழுத்து அழகாக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது. தேடித் தேடிப் பாருங்கள், அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.